தலைவரின் வலது கை

யார் வேண்டுமானாலும் சாம்பியன்ஷிப்பில் ஆடலாம் என்று சொல்லித்தான் சர் டார்க்வில் மென்மியூர் தன் காலைப் பேச்சைத் தொடங்கினார். யார் யார் ஆட முடியாது என்பதைச் சொல்லி முடிக்க அதற்கப்புறம் அவருக்கு முக்கால் மணி நேரம் தேவைப்பட்டது. கார்ன்பீத் கரையில் மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. தலைவருக்கு மட்டும் ஒருவன் குடை பிடித்தான்.

"கோல்ஃப் பிரபுவுக்கும் சொந்தம், கரி அள்ளுறவனுக்கும் சொந்தம்," என்றார். "இந்த ஸ்காட்லாந்து மண்ணுல எங்க பெருமன்றம் யாருக்கும் கதவைச் சாத்துனதே கிடையாது. உள்ள வர்றதுக்கு முன்னாடி காலைத் துடைச்சுக்கோன்னு சொல்றோம். அவ்வளவுதான்."

கால் துடைக்கும் மிதியடிகள்தான் கொஞ்சம் அதிகம். முதலில் உள்ளூர்க் கழகம், இவன் மட்டை பிடிக்கத் தெரிந்தவன், இவனோடு ஒரே மேசையில் உட்காரலாம் என்று சான்று தர வேண்டும். பிறகு வட்டாரச் சுற்று. அதில் நூறு பேரைப் போட்டுப் பிழிந்து ஏழெட்டுப் பேரை எடுப்பார்கள். பிறகு இந்த இறுதிச் சுற்று. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை மைதானத்தை முழுதாக ஆடி முடிக்க வேண்டும். இத்தனையும் தாண்டி வருகிற, பணத்துக்கு ஆடாத அமெச்சூர்களுக்கு என்று பெருமன்றம் ஒதுக்கியிருப்பது ஒரே ஓர் இடம்.

"அந்த இடத்தை எப்படிக் குடுக்குறோம்?" என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசி ஜோடி ஆடி முடிச்சதும் நம்ம தோல்பை வாத்தியம், பைப், ஊதுவாங்க. கழகக் கொடி இறங்கும். கொடி கம்பத்தோட அடிக்கு வந்து நிக்கிற நேரத்துல என் வலது கை யாரோட வலது கையில இருக்கோ, அவன் சாம்பியன்ஷிப்புக்குப் போறான். தாள் கிடையாது, கையெழுத்து கிடையாது. ரெண்டு கனவான்களோட கை, அவ்வளவுதான். எனக்கு முன்னாடி இருந்த தலைவர் ஒருத்தர், கொடி பாதியில இருக்கும்போதே மாரடைச்சு செத்துப்போனார். ஆனா கையை விடல. தேர்வு செல்லும்னு மன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்குப் பேருதான் பாரம்பரியம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற லாக்கி இம்ரியும் தட்டினான். கசாப்புக் கூடத்தில் இரவு ஷிப்ட் முடித்து, குளித்து, நேரே வந்திருந்தான். இருபது வருடமாகத் தோலுரித்த மாட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற கை அது. தட்டியபோது பலகையோடு பலகை மோதிய சத்தம் வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா தட்டு," என்றாள் பக்கத்தில் நின்ற செங்கா. அவன் மனைவி. மீன் ஆலையில் லீவு போட்டுவிட்டு அவனுடைய மட்டைப் பையைத் தூக்க வந்திருந்தாள். "உன் கையைப் பாத்துட்டு வாசல்லயே நிறுத்திடப் போறாங்க."

"இன்னைக்கு அந்தக் கையைப் பிடிச்சே ஆகணும் செங்கா."

"போன வருஷமும் இதைத்தான் சொன்ன."

போன வருடம் கடைசிக் குழிக்குப் பக்கத்தில், அடிப்பதற்கு முன்னால், லாக்கியின் பந்து தானாக ஒரு மயிரிழை அசைந்தது. யாரும் பார்க்கவில்லை. கோல்ஃபில் யாரும் பார்க்கத் தேவையில்லை, பார்த்தவன் தானே சொல்ல வேண்டும். லாக்கி சொன்னான். தன் மேல் தானே ஓர் அபராத அடி போட்டுக்கொண்டான். குறைந்த அடிகளில் முடிப்பவன்தான் ஜெயிப்பான்; அந்த ஓர் அடியில் இடம் போயிற்று. பெருமன்றம் அவனை மேடையில் ஏற்றி, கனவான்களில் ஒரு கனவான் என்று புகழ்ந்து, கருநீலத்தில் வெள்ளிச் சிங்கம் போட்ட டை ஒன்றைக் கொடுத்தது. கசாப்புக் கூடத்தில் டை கட்டிக்கொள்ள வேண்டிய வேலை எதுவும் இல்லை. அது மட்டைப் பையின் அடியில், ஈரக் காலுறைகளோடு கிடந்தது.

வயது நாற்பத்து நாலு. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. குளிர்காலத்தில் ஒரு காலைத் திறந்து இரும்பு வைக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு சுற்று நடக்க முடியாது. இது கடைசி வருடம் என்று அவனுக்கும் தெரியும், செங்காவுக்கும் தெரியும்.

ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே முதல் ரத்தம் விழுந்தது. இவர்களுக்கு முந்தைய ஜோடியில் ஒருவன் பந்தை அடிக்க மட்டையை ஓங்கியபோது மற்றவன் இருமினான். ஓங்கியவன் மட்டையை இறக்கி, மெதுவாகத் திரும்பி, இருமியவனின் வாயில் குத்தினான். இருமியவன் பதிலுக்கு முட்டியால் அவன் வயிற்றில் இடித்தான். இரண்டு பேரும் புல்லில் புரண்டார்கள். விதி நடுவர் மிஸ் டர்வார்ட், ஒல்லியான பெண், கழுத்தில் வாக்கி டாக்கியும் கையில் விதிப் புத்தகமுமாக ஓடி வந்தாள். ஓடி வந்து பந்தின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"பந்து அசைஞ்சுதா?"

"இல்லை மேடம்," என்றான் கீழே கிடந்தவன், வாய் நிறைய ரத்தத்தோடு. "ஆனா பந்துக்கு முன்னாடி என் பல்லு கிடக்குது. எடுக்கலாமா?"

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். "உதிர்ந்து கிடக்குற இலை, குச்சி, பல் எதை வேணும்னாலும் எடுக்கலாம். முளைச்சிருக்குறதை மட்டும் பிடுங்கக் கூடாது. அந்த இன்னொரு பல்லு ஆடிக்கிட்டுத்தானே இருக்கு? ஈறுல ஒட்டியிருக்குற வரைக்கும் அது முளைச்சதுதான். தொடாதீங்க."

"நன்றி மேடம்," என்றான் அவன். அடித்தவனும் நன்றி சொன்னான். இரண்டு பேரும் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துகொண்டு ஆடப் போனார்கள்.

"இதென்ன லாக்கி, ஆம்புலன்ஸைக் கூப்பிட மாட்டாங்களா?"

"உஷ். அடுத்தவன் அடிக்கும்போது பேசக் கூடாது."

காலைச் சுற்று முடிந்தபோது ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் அடி எண்ணிக்கையில் பின்தங்கி வெளியேறியிருந்தார்கள். நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் போயிருந்தார்கள். மதியம் கடைசி ஜோடியாக முன்னணியில் இருந்த இருவரையும் சேர்த்து அனுப்பினார்கள். ஒருவன் லாக்கி. மற்றவன் பெரிக்ரின் ஹால்டேன். முப்பது வயது, சிவந்த கழுத்து, அப்பாவும் தாத்தாவும் அந்தந்தக் காலத்துத் தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள். அமெச்சூருக்கான அந்த ஓரிடம் இனி இவர்கள் இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான்.

"என்னப்பா இம்ரி, மாட்டையெல்லாம் வெட்டி முடிச்சாச்சா?" என்று கை கொடுத்தான் பெரிக்ரின்.

"ராத்திரியே முடிச்சாச்சுங்க. இன்னைக்கு லீவு."

"நல்லது. மாட்டுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்."

முதல் சில குழிகள் ஒழுங்காகப் போயின. எண்ணிக்கையில் லாக்கி ஓர் அடி முன்னால் போனான். அதுவரைதான் ஒழுங்கு. அடுத்த குழிக்கு லாக்கி தன் பந்தை நோக்கி முன்னால் நடந்துகொண்டிருந்தபோது, பெரிக்ரின் சத்தமே கொடுக்காமல் பின்னாலிருந்து பந்தை அடித்தான். அது நேரே வந்து லாக்கியின் விலாவில் இறங்கியது. கசாப்புக் கூடத்தில் மாட்டின் நெற்றியில் ஆணி இறங்குகிற அதே சத்தம். லாக்கி நாலு காலில் விழுந்தான். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பந்து அவன் முழங்கையை ஒட்டி, நல்ல புல்லில், அழகாக உட்கார்ந்திருந்தது.

செங்கா பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மிஸ் டர்வார்டும் ஓடி வந்தாள்.

"ஆள் மேல பட்டு நின்னா அபராதம் கிடையாது," என்று அறிவித்தாள். "பந்து கிடக்குற இடத்துலயே ஆடலாம். மிஸ்டர் இம்ரி, நீங்க அவரோட பந்துக்கு இடைஞ்சலா கிடக்குறீங்க. கொஞ்சம் உருள முடியுமா?"

லாக்கி உருண்டான். மூச்சு திரும்பியதும் அவன் வாயில் வந்த முதல் வார்த்தை, "மன்னிச்சுக்கோங்க, குறுக்க போயிட்டேன்."

"பரவாயில்லப்பா," என்றான் பெரிக்ரின் பெரிய மனதோடு. "பந்து நல்லா நின்னிருக்கு."

"நீ எதுக்குடா மன்னிப்புக் கேட்ட?" என்று செங்கா அவன் காதில் சீறினாள். "விலா எலும்பு போயிருக்கு உனக்கு."

"ஒண்ணுதான் போயிருக்கு. நாம முன்னால இருக்கோம் செங்கா. சண்டை போட்டா வெளியே தள்ளிடுவாங்க. அவங்க ஆளுங்க போட்டா அது விளையாட்டு, நான் போட்டா போலீஸ்."

பத்தாவது குழியில் பெரிக்ரினின் பந்து மணல் பள்ளத்துக்குள் போய்ப் புதைந்தது. அவன் இறங்கி ஒரு முறை அடித்தான். மணல்தான் பறந்தது. மறுபடி அடித்தான், மறுபடியும் மணல். மூன்றாவது அடிக்குப் பந்து மேலே வந்து, பள்ளத்தின் மண் சுவரில் முட்டி, திரும்பி அவன் காலடிக்கே வந்தது. லாக்கி பள்ளத்தின் விளிம்பில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றான். பெரிக்ரின் மேலே ஏறி வந்தான். நிதானமாக வந்தான். மட்டையை இரண்டு கையாலும் பிடித்து, தோளைத் திருப்பி, கண்ணை எடுக்காமல், லாக்கியின் தலையில் அடித்தான். மட்டை இரண்டாக முறிந்தது. இரும்புத் தலை பறந்துபோய் முட்புதரில் விழுந்தது.

லாக்கி மண்டியிட்டான். நெற்றிப் பிளவிலிருந்து ரத்தம் கொட்டி ஒரு கண்ணை மூடியது. செங்கா போட்ட கூச்சலில் கடற்பறவைகள் எழுந்தன. மிஸ் டர்வார்டின் முகம் அன்றைக்கு முதல் முறையாகக் கலங்கியது.

"மிஸ்டர் ஹால்டேன், இது பெரிய விஷயம். நான் ஒண்ணு கேக்கணும். யோசிச்சுப் பதில் சொல்லுங்க. மட்டையைக் கோபத்துல உடைச்சா மாத்து மட்டை எடுக்கக் கூடாது. ஆட்டத்தோட போக்குல, கோபமில்லாம உடைஞ்சா எடுக்கலாம். நீங்க கோபத்துல அடிச்சீங்களா?"

பெரிக்ரின் நெஞ்சில் கை வைத்தான். "இல்லை மேடம். நிதானமாத்தான் அடிச்சேன்."

"உங்க வார்த்தையா?"

"என் வார்த்தை."

"அப்ப மாத்திக்கலாம்."

செங்கா அங்கே நின்றுகொண்டே உரக்கச் சிரித்தாள். அது சிரிப்புதானா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். துண்டு மழையில் ஊறிக் கிடந்தது. அடியில் அந்த டை அகப்பட்டது. அதை எடுத்து லாக்கியின் தலையில் சுற்றி, மீன் பெட்டிக்குக் கயிறு கட்டுவது போல இறுக்கி முடிச்சுப் போட்டாள். வெள்ளிச் சிங்கம் ஒவ்வொன்றாகச் சிவந்தது.

செய்தி கேட்டு சர் டார்க்வில் சின்ன மின்வண்டியில் வந்து இறங்கினார். லாக்கியை நெருங்கி உற்றுப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"அட கடவுளே. அது நம்ம டையா?"

"ஆமாங்க ஐயா. ரத்தம் நிக்கல."

"இம்ரி, அந்த டையை நூத்தம்பது வருஷத்துல ஒருத்தரும் நனைச்சது கிடையாது. சாப்பாட்டு மேசையில சூப் சொட்டுனா ராஜினாமா பண்ணிடுவாங்க. உனக்கு வலிக்குதுங்கறது எனக்குப் புரியுது. வலியில ஒருத்தன் எப்படி நடந்துக்குறாங்கறதை வச்சுத்தான் அவன் யாருன்னு நாங்க முடிவு பண்றோம்." பெரிக்ரின் பக்கம் திரும்பினார். "பாரு, இந்தப் பையன் நிதானமா அடிச்சிருக்கான். கோபம் இல்ல, கூச்சல் இல்ல. நம்ம ஆட்டத்துல வன்முறைக்கு இடமே கிடையாது. அதுக்கு நாம எடுத்துக்காட்டு."

லாக்கிக்கு இது முழுதாக விளங்கவில்லை. தலையில் அடிபட்டதால் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். எழுந்தான். தன் பந்து எங்கே என்று கேட்டான்.

அதற்கப்புறம் அவன் ஒற்றைக் கண்ணால் ஆடினான். மூச்சை இழுத்தால் விலா குத்தியது, அதனால் மூச்சை விட்ட பிறகே அடித்தான். அப்படி அடித்த அடிகள் நேராகப் போயின. ஒரு குழியின் அருகே அவன் குனிந்தபோது நெற்றியிலிருந்து சொட்டிய ரத்தம் புல்தரையில், பந்துக்கும் குழிக்கும் நடுவில், சின்னக் குட்டையாகத் தேங்கியது. மழைத் தண்ணீர் தேங்கினால் பந்தை நகர்த்தி வைக்கலாம், ரத்தம் தேங்கினால் நகர்த்தலாமா என்று மிஸ் டர்வார்டுக்குச் சந்தேகம் வந்தது. வாக்கி டாக்கியில் மன்றத்தைக் கேட்டாள். மன்றம் விவாதித்தது. கடைசியில் ஒரு கிழக்குரல் பதில் சொன்னது: "மேல இருந்து விழுந்தது மழை. ஆளுக்குள்ள இருந்து விழுந்தது அவனோட சொந்த விஷயம். நகர்த்தக் கூடாது. நேரத்தை வேற வீணாக்குறான், எச்சரிக்கை குடு."

லாக்கி தன் ரத்தத்தின் ஊடாகவே பந்தைத் தட்டினான். பந்து சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு போய்க் குழிக்குள் விழுந்தது.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாததால் முன்னிலை ஒவ்வோர் அடியாகக் கரைந்து, கடைசிக் குழிக்கு வந்தபோது இரண்டு பேரும் சமம். கழக மாளிகையின் முன்னால் கூட்டம் கூடியிருந்தது. கொடிக்கம்பத்தடியில் பைப் ஊதுகிறவன் கன்னத்தை உப்பித் தயாராக நின்றான். லாக்கி தன் கடைசி அடியை முடித்துவிட்டு ஒதுங்கினான். பெரிக்ரினின் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஒரு தட்டு தட்டினால் சமம். பெரிக்ரின் குனிந்தான், மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தான். அப்படியே உறைந்தான்.

நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு மனிதனின் மண்டையைப் பிளந்தபோது இமைக்காத கண்ணில் நீர் முட்டியது.

"மேடம்," என்றான் உடைந்த குரலில். "என் பந்து அசைஞ்சது. யாரும் பாக்கல. நான் பாத்தேன். எனக்கு ஓர் அபராத அடி போடுங்க."

கூட்டம் மூச்சை இழுத்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு சீமாட்டி கைக்குட்டையை எடுத்தாள். சர் டார்க்வில் தடுமாறி நடந்து வந்து பெரிக்ரினின் தோளைப் பிடித்தார்.

"உங்கப்பா இதைப் பாக்கக் குடுத்து வைக்கலயே!"

பெரிக்ரின் பந்தைத் தட்டிக் குழிக்குள் போட்டான். ஓர் அடி அதிகம். லாக்கி கணக்குப் போட்டான். தலை சுற்றியதால் மறுபடி போட்டான். அதே விடை. "செங்கா, ஜெயிச்சுட்டேன் போல இருக்கு," என்றான்.

"பேசாம இரு. அந்தம்மா புத்தகத்தைப் புரட்டுது."

மிஸ் டர்வார்ட் தொண்டையைச் செருமினாள். "மிஸ்டர் இம்ரி பத்தாவது குழியில ரத்தம் கட்டுறதுக்கு அளவுக்கு மேல நேரம் எடுத்துக்கிட்டார். அப்புறமும் ஒரு தடவை எச்சரிச்சோம். ஆட்டத்தைத் தாமதப்படுத்துனதுக்கு ஓர் அபராத அடி. ஆக ரெண்டு பேரும் சமம். சமமா இருந்தா தலைவர் முடிவு செய்யலாம்."

"இதுல முடிவு செய்ய என்ன இருக்கு?" என்று சர் டார்க்வில் கண்ணைத் துடைத்தார். "யாரும் பாக்காதப்ப தன்னைத் தானே காட்டிக் குடுத்தான் பாருங்க, அவன்தான் சாம்பியன்ஷிப்புக்குப் போகணும். எண்ணிக்கையை எந்த மாட்டுக்காரனும் எண்ணலாம். கௌரவம் ரத்தத்துல வரணும்."

"ஐயா," என்றான் லாக்கி. "போன வருஷம் நானும் இதையேதான் செஞ்சேன். இதே இடத்துல. எனக்கு டைதானே குடுத்தீங்க."

"டைதானேன்னா சொல்ற?" தலைவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "இம்ரி, அது எப்பேர்ப்பட்ட டை!"

அவர் பெரிக்ரினின் வலது கையைத் தன் வலது கையில் எடுத்தார். பைப் அலறியது. கொடி அசைந்து இறங்கத் தொடங்கியது. கயிறு மழையில் ஊறியிருந்ததால் அது விக்கி விக்கி மெதுவாகத்தான் வந்தது.

லாக்கி கொடியைப் பார்த்தான். குலுங்குகிற இரண்டு கைகளைப் பார்த்தான். தன் கையிலிருந்த மட்டையைப் பார்த்தான். மூச்சை முழுதாக வெளியே விட்டான். பெரிக்ரினின் முன்கை நல்ல உயரத்தில், நல்ல வாகில் இருந்தது. மட்டையை ஓங்கி ஒரே போடாகப் போட்டான்.

எலும்பும் மட்டையும் ஒன்றாக முறிந்தன. பெரிக்ரினின் விரல்கள் மலர்ந்து பிடியை விட்டன. அவன் போட்ட ஓலம் பைப் சத்தத்தோடு சுருதி சேர்ந்துகொண்டதால் பின்வரிசைக்காரர்கள் அதை வாத்தியம் என்றே நினைத்தார்கள். அந்தரத்தில் நின்ற தலைவரின் வலது கையை லாக்கி தன் வலது கையால் பிடித்தான்.

"விடுடா!" என்றார் சர் டார்க்வில்.

லாக்கி விடவில்லை. கொடி பாதியில் இருந்தது. தலைவர் இழுத்தார். உதைத்தார். குனிந்து லாக்கியின் மணிக்கட்டைக் கடித்தார். இருநூறு கிலோ மாட்டைத் தொங்க வைத்துப் பழகிய கை, கடிக்கெல்லாம் திறக்காது. மேலும் இறுகியது. தலைவரின் கைக்குள் காய்ந்த குச்சிகள் போல ஒவ்வொன்றாக ஏதோ முறிந்தது. மன்றத்தார் மூன்று பேர் லாக்கியின் முதுகில் ஏறி கைத்தடியால் வெளுத்தார்கள். செங்கா மட்டைப் பையைச் சுழற்றி அவர்களில் இரண்டு பேரைச் சாய்த்தாள். மூன்றாமவர் தானாகவே இறங்கிக்கொண்டார். கொடி கடைசி முழத்தில் சிக்கி நின்றது, பிறகு பொத்தென்று கீழே வந்தது. பைப் நின்றது.

திடலில் தலைவரின் விசும்பல் மட்டும் கேட்டது.

"இது செல்லாது! போலீஸைக் கூப்பிடு!" என்று யாரோ கத்தினார்கள்.

மிஸ் டர்வார்ட் கையை உயர்த்தினாள். புத்தகத்தைப் புரட்டினாள், மறுபடி முன்பக்கம் போனாள், நிதானமாகப் படித்தாள். "கொடி இறங்கி முடியும்போது வலது கையில வலது கை இருக்கணும். இருந்துச்சு. தலைவர் சம்மதிக்கணும்னு எங்கயும் இல்ல. செத்துப்போன தலைவர்கிட்ட சம்மதம் கேக்கலயே. தேர்வு செல்லும்." பிறகு லாக்கியின் பக்கம் வந்து, முறிந்து கிடந்த மட்டையைக் காட்டினாள். "மிஸ்டர் இம்ரி, யோசிச்சுப் பதில் சொல்லுங்க. கோபத்துல அடிச்சீங்களா?"

லாக்கி உண்மையாகவே யோசித்தான். காலையிலிருந்து இப்போதுதான் நெஞ்சு லேசாக இருந்தது.

"இல்லீங்க மேடம். நிதானமாத்தான்."

"உங்க வார்த்தையா?"

"என் வார்த்தை."

"அப்ப சாம்பியன்ஷிப்புக்கு மாத்து மட்டை எடுத்துக்கலாம்."

சர் டார்க்வில் புல்லில் உட்கார்ந்து, பிசைந்த மாவு போல ஆகிவிட்ட தன் வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டிருந்தார். செங்கா அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். லாக்கியின் தலையிலிருந்து அவிழ்த்த டையை, காய்ந்த ரத்தம் உதிர இரண்டு உதறு உதறி, அவர் கழுத்தில் மாட்டி, கையை அதில் தொட்டில் கட்டினாள். முடிச்சை இறுக்கியபோது அவர் கத்தினார்.

"ஆடாதீங்க ஐயா," என்றாள். "இது எப்பேர்ப்பட்ட டை!"